பனிமலைக்கு எந்த எஞ்சின்? பாம்பன் கரையிலிருந்து ஒரு கணக்கு

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன், குளிர்காலம் தொடங்குமுன் பனிவண்டி ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவுசெய்து, மூன்று வண்டிகளின் விவரத்தாள்களை அனுப்பி, "மாமா, எஞ்சின் சமாச்சாரம் உங்களுக்குத்தான் தெரியும், எதை எடுக்கட்டும்?" என்று கேட்டிருந்தான். மூன்றும் மலைச்சரிவுகளில் ஆழமான புதுப்பனியில் ஓட்டுவதற்கென்றே செய்யப்பட்டவை. ஒன்று 600 சிசி, மற்றொன்று 850 சிசி, மூன்றாவது அதே 850 சிசியில் டர்போ பொருத்தியது. பாம்பனில் படகு எஞ்சின் பழுதுபார்த்துப் பிழைக்கும் எனக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் வலைக்குவியலின்மேல் படிந்திருக்கும் ஈரம்தான். ஸ்னோமொபைல் எனப்படும் இந்த வண்டியில் நான் ஏறியது ஒரே ஒரு முறை, காஷ்மீரின் குல்மர்க்குக்குச் சுற்றுலா போயிருந்தபோது. ஆயினும் தாள்களைப் படிக்கப் படிக்க, வள்ளத்துக்கு எஞ்சின் பார்க்க வருகிறவர்களிடம் நான் கேட்கும் கேள்விகள்தாம் இதற்கும் பொருந்தும் என்று தெரிந்தது. அவனுக்கு எழுதியதைச் சற்று விரித்து இங்கே தருகிறேன்.

வண்டியின் அமைப்பு எளிது. திருப்புவதற்கு முன்னால் இரண்டு சறுக்குக்கட்டைகள், தள்ளுவதற்குப் பின்னால் டாங்கியின் பட்டைபோலச் சுழலும் அகலமான ரப்பர் பட்டை, இரண்டுக்கும் நடுவில் எஞ்சின். கியர் கிடையாது. நம்மூர் ஸ்கூட்டரில் உள்ளதைப் போலவே, இரண்டு கப்பிகளுக்கு இடையே ஓடும் பெல்ட் ஏறி இறங்கி விகிதத்தைத் தானே மாற்றிக்கொள்கிறது. வலக் கையின் கட்டைவிரலால் அழுத்தும் சிறு நெம்புதான் ஆக்சிலேட்டர். மலைக்கான வண்டிகளில் பெரும்பாலானவை இரண்டு சிலிண்டர் கொண்ட டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் ஓடுகின்றன. சாலையிலிருந்து டூ-ஸ்ட்ரோக் ஏறக்குறைய மறைந்துவிட்ட இந்தக் காலத்திலும் அது பனியில் நிலைத்திருப்பதற்குக் காரணம் எடைதான். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வெடிப்பு, வால்வும் கேம் ஷாஃப்ட்டும் இல்லாத தலை, ஆகையால் ஒரு கிலோ இரும்புக்குக் கிடைக்கும் விசை அதிகம். யமஹா தன் 998 சிசி, மூன்று சிலிண்டர், ஃபோர்-ஸ்ட்ரோக் டர்போ எஞ்சினில் 200 குதிரைத்திறன் அளவுக்குக் கொடுத்துப் பார்த்தது. எஞ்சின் அருமையானது, ஆனால் அதைச் சுமந்த மலைவண்டி போட்டியாளர்களைவிட ஐம்பது கிலோ அளவுக்குக் கனத்தது. 2023-இல் பனிவண்டித் தொழிலிலிருந்தே விலகுவதாக அந்த நிறுவனம் அறிவித்துவிட்டது.

இந்த எஞ்சின்களுக்கும் நம் தொழிலுக்கும் நேரடி உறவே உண்டு. ஸ்கீ-டூ என்ற பெயரில் விற்கும் பனிவண்டிகளில் இன்று புகழ்பெற்றிருக்கும் ஈ-டெக் என்ற நேரடி எரிபொருள் செலுத்தும் முறை, 2003-இல் எவின்ரூட் நிறுவனப் பெயரிலான அவுட்போர்டு எஞ்சின்களில், அதாவது படகின் பின்பலகையில் மாட்டும் எஞ்சின்களில், கடலுக்கு வந்தது. அவுட்போர்டையும் பனிவண்டியையும் ஒரே நிறுவனமான பிஆர்பி செய்துவந்ததால், 2009 மாடல் பனிவண்டிகளுக்கு அது ஏறிப்போயிற்று. எவின்ரூட் அவுட்போர்டு உற்பத்தி 2020-இல் நின்றுவிட்டது. கடலில் பிறந்த முறை மலையில் உயிரோடிருக்கிறது. பழைய கார்புரேட்டர் வண்டிகளில் உயரம் மாறினால் எரிபொருள் அளவைத் தீர்மானிக்கும் துளையான ஜெட்டைக் கழற்றி மாற்ற வேண்டியிருந்தது. இப்போது காற்றழுத்தத்தை அளந்து எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் வேலையை மின்னணுப் பெட்டி பார்த்துக்கொள்கிறது.

ஆனால் அந்தப் பெட்டி எரிபொருளைத்தான் குறைக்குமே ஒழிய, இல்லாத காற்றைக் கொண்டுவந்து தராது. விவரத்தாளில் அச்சிட்ட குதிரைத்திறனை நம்பி மலைக்குப் போகிறவன் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஸ்கீ-டூவின் 600 வகை எஞ்சின் சுமார் 125 குதிரைத்திறனும், 849 சிசி கொண்ட 850 வகை 165 குதிரைத்திறனும் கொடுப்பதாகச் சொல்லப்படுவது கடல்மட்டத்துக் கணக்கு. உயரம் கூடக்கூடக் காற்று மெலிகிறது. ஆயிரம் அடிக்கு மூன்று விழுக்காடு விசை போகும் என்பது மெக்கானிக்குகள் கையாளும் தோராயக் கணக்கு. 2,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் 82 விழுக்காடுதான், 3,000 மீட்டரில் 74. ஆகவே 165 குதிரை 2,000 மீட்டரில் 135 ஆகவும், 3,000 மீட்டரில் 122 ஆகவும் இளைக்கிறது. 600 சிசி எஞ்சின் அதே உயரங்களில் 103-க்கும் 93-க்கும் இறங்குகிறது. சுருங்கச் சொன்னால், 3,000 மீட்டர் உயரத்தில் நிற்கும் 850, கடல்மட்டத்தில் நிற்கும் 600-க்குக்கூடச் சமமில்லை.

குல்மர்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஓட்டுநருக்குப் பின்னால் நான் உட்கார்ந்து போன வண்டி, ஒரு சிறு மேட்டில் ஏறும்போது சுற்று இறங்கி முனகியது. பட்டறைப் புத்தி போகாமல், எரிபொருள் வடிகட்டி அடைத்திருக்கிறதா என்று அந்த ஓட்டுநரிடம் கேட்டுவிட்டேன். அவர் சிரித்து, மூக்கைத் தொட்டுக் காட்டி, வானத்தைக் காட்டினார். எஞ்சினில் குறையில்லை, மூச்சுவிடக் காற்றுதான் குறைவு என்பது அதன் பொருள். சியாச்சினில் நம் ராணுவம் பனி ஸ்கூட்டர்களைப் பயன்படுத்துகிறது. அங்கே 5,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி அறுபது விழுக்காட்டுக்குச் சுருங்கிவிடுகிறது.

குளிர் இதில் சிறிது ஈடுகட்டும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பதால், சுழியத்துக்குக் கீழே 15 பாகையில் ஓடும் வண்டிக்கு ஐந்தாறு விழுக்காடு விசை திரும்பக் கிடைக்கும். நம் கரையில் 32 பாகை வெயிலில் ஓடும் அவுட்போர்டோ, சுழியப் பாகைக் காற்றில் ஓடுவதைவிடப் பத்து விழுக்காடு லேசான காற்றைத்தான் உறிஞ்சுகிறது. சித்திரை மதியத்தில் எஞ்சின் இழுக்கவில்லை என்று வருகிறவர்களிடம் இதைச் சொன்னால், நான் வேலை செய்யாமல் தட்டிக்கழிப்பதாக நினைக்கிறார்கள்.

டர்போ செய்வது இந்த மூச்சுத்திணறலுக்கு மருத்துவம். புகைபோக்கியில் வெளியேறும் வாயுவால் ஒரு சிறு விசிறியைச் சுழற்றி, மெலிந்த காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதால், எஞ்சினுக்குத் தான் இன்னும் கடற்கரையில் இருப்பதாகவே தோன்றும். ஸ்கீ-டூவின் டர்போ வகை 8,000 அடி, அதாவது ஏறத்தாழ 2,440 மீட்டர் வரை 180 குதிரைத்திறனை விடாமல் தருவதாக நிறுவனம் கூறுகிறது. போட்டி நிறுவனமான போலாரிஸும் 2022 மாடல் முதல் தன் 850-இல் டர்போ விற்கிறது. டர்போ இல்லாமலே விசை வேண்டும் என்போருக்காக 899 சிசி எஞ்சின் ஒன்றையும் பிறகு கொண்டுவந்தது. கேட்பதற்கு எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் டர்போவின் பயன், ஓட்டுகிறவன் எந்த உயரத்தில் ஓட்டுகிறான் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவின் கொலராடோவில் 3,000 மீட்டருக்கு மேல் அலைகிறவன் அதற்குக் கொடுக்கும் பணம் வீணில்லை. என் மருமகன் நண்பர்களோடு போகும் மலைகளோ 1,500 முதல் 2,200 மீட்டருக்குள் அடங்கிவிடுபவை. அங்கே டர்போ இல்லாத 850 இழப்பது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதை மீட்பதற்காகக் கூடுதல் விலையும், கூடுதல் குழாய்களும், ஏறக்குறைய பத்துக் கிலோ கூடுதல் எடையும் சுமப்பது முதல் பருவத்துக்காரனுக்குத் தேவையில்லை என்று எழுதினேன்.

எடையைப் பற்றி அவன் ஒரு தவறான எண்ணத்தில் இருந்தான். 600 என்றால் லேசு, 850 என்றால் கனம் என்று நினைத்திருந்தான். ஒரே நிறுவனத்தின் ஒரே சட்டகத்தில் இரண்டையும் பொருத்தும்போது, எடை வித்தியாசம் பொதுவாகப் பத்துக் கிலோவுக்குள் முடிந்துவிடுகிறது. டூ-ஸ்ட்ரோக் மலைவண்டிகளின் வெற்றெடை பெரும்பாலும் 190 முதல் 210 கிலோவுக்குள் சுற்றிச்சுற்றி வருகிறது. வெற்றெடை என்பது பெட்ரோல், ஆயில், குளிர்நீர் எதுவும் ஊற்றாத எடை. 36 லிட்டர் தொட்டியை நிரப்பினாலே 27 கிலோ ஏறும். மற்றவற்றையும், சட்டகத்தின் அடியில் அப்பிக்கொள்ளும் பனியையும் சேர்த்தால் 240 கிலோவைத் தொட்டுவிடும். ஓட்டுநர் 68 கிலோ ஆளா, 105 கிலோ ஆளா என்பதில் உள்ள வேறுபாடு, இரண்டு எஞ்சின்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைப்போல் மூன்று நான்கு மடங்கு. இரண்டு கிலோ குறைய வேண்டும் என்பதற்காக டைட்டேனியம் புகைபோக்கி வாங்கி மாட்டுகிறவர்கள் அங்கே ஏராளம் என்று அவன் எழுதியிருந்தான். இரவில் பரோட்டாவை நிறுத்தினால் அந்த இரண்டு கிலோ செலவில்லாமல் குறையும் என்று பதில் போட்டேன்.

இருந்தும் 600 ஓட்டியவர்கள் அது லேசாகக் கையில் ஆடுகிறது என்று சொல்வதில் பொய்யில்லை. சுழலும் கிராங்க் ஷாஃப்ட் சிறியதாக இருந்தால், வண்டியை ஒருபுறம் சாய்க்கும்போது எதிர்ப்புக் குறைகிறது. மலைச்சரிவின் குறுக்கே போவதற்கு வண்டியை மேட்டுப்பக்கம் சாய்த்து, ஒரு சறுக்குக்கட்டையைத் தூக்கிக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கிறது என்பதால் இது முக்கியம். ஆர்க்டிக் கேட் நிறுவனம் இதற்காகவே பின்புறப் பட்டையை இரண்டு தண்டவாளங்களுக்குப் பதில் ஒற்றைத் தண்டில் ஓடவிட்டது.

எடை எவ்வளவு என்பதைப் போலவே எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் கணக்கில் வரும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் என் மைத்துனருடைய ஃபைபர் வள்ளத்தில், ஒன்பது குதிரை எஞ்சின் இருந்த இடத்தில் இருபத்தைந்தை மாட்டிக்கொடுத்தேன். கரையோரத்தில் ஓட்டிப் பார்த்தபோது அம்பாகப் பறந்தது. கச்சான் காற்று எழும்பிய ஒரு மாலையில், திரும்பி வரும் வழியில் வேகத்தைக் குறைத்ததும், பின்னாலிருந்து வந்த அலை எஞ்சின் பலகையைத் தாண்டி உள்ளே கொட்டியது. கரைக்கு வந்ததும், பாசி படிந்திருந்த பழைய நீர்மட்டக் கோட்டினை வைத்து அளந்து பார்த்தோம். பின்பக்கம் நான்கு விரற்கடை கூடுதலாகத் தாழ்ந்திருந்தது, முன்பக்கமான அணியம் அந்த அளவுக்கு நிமிர்ந்திருந்தது. பெட்ரோல் கேனையும் ஐஸ் பெட்டியையும் அணியத்துப் பக்கம் நகர்த்திய பிறகுதான் வள்ளம் ஒழுங்காக உட்கார்ந்தது. பனிவண்டியில் இது தலைகீழாக நடக்கிறது. எஞ்சின் முன்னால் இருப்பதால், கனமான எஞ்சின் மூக்கைப் பனிக்குள் அழுத்துகிறது. இறங்கும்போது சறுக்குக்கட்டைகள் மேலெழும்பாமல் தோண்டிக்கொண்டே போகின்றன. ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகள் ஆழ்பனியில் கெட்ட பெயர் வாங்கியதற்கு மொத்த எடையோடு இந்த முன்பாரமும் காரணம்.

பட்டையின் நீளத்தை வள்ளத்தின் நீளமாக நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். மலைவண்டிகளில் 146, 154, 165 அங்குலம் என்ற அளவுகள் வழக்கத்தில் உள்ளன. அகலம் 15 அல்லது 16 அங்குலம், பற்களின் உயரம் இரண்டரை முதல் மூன்று அங்குலம். புதுப்பனி தண்ணீரைவிடப் பத்து, இருபது மடங்கு லேசானது. ஒரு ஆள் இறங்கி நின்றால் இடுப்புவரை புதைவான். அதன்மேல் முந்நூறு கிலோவுக்கு மேல் நிற்க வேண்டுமானால், பாரத்தைப் பரப்பித்தான் ஆக வேண்டும். 165 அங்குலப் பட்டை நன்றாக மிதக்கும், செங்குத்தான மேட்டிலும் பிடித்து ஏறும், ஆனால் நீண்ட வள்ளத்தைப் போலவே நேராகப் போவதையே விரும்பும், மரங்களுக்கிடையே சட்டென்று வளையாது. அதோடு, நீண்ட பட்டையைச் சுழற்றுவதற்கே விசை செலவாகும். 600 எஞ்சினில் 165 பட்டையைப் பூட்டுவது, சின்ன எஞ்சினை வைத்துக்கொண்டு பெரிய மடிவலையை இழுப்பதற்கு ஒப்பு. 68 கிலோ ஆளுக்கு 154 போதும். பசிபிக் கடலுக்கு அருகிலுள்ள மலைகளில் பனி ஈரமாகவும் கனமாகவும் விழுவதால் அங்கே அது இன்னும் பொருந்தும். உள்நாட்டுக் கொலராடோவின் உலர்ந்த மாவுப்பனிதான் நீளத்தை அதிகம் கேட்கிறது.

க்ளட்ச், அதாவது முன்பு சொன்ன பெல்ட்டும் கப்பிகளும், பற்றி ஒரு வார்த்தை. மலையேறும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 8,000 சுற்று அளவில் நிற்க வேண்டும், அதில்தான் முழு விசையும் இருக்கிறது. காற்று மெலிந்து விசை குறைந்தால் அந்தச் சுற்றை எட்டாது. அப்போது முன்கப்பியில் உள்ள எடைத்துண்டுகளை லேசானவையாக மாற்றுவார்கள். சுற்று ஏறாத அவுட்போர்டுக்கு நாங்கள் புரொப்பல்லரின் பிட்ச்சை, அதாவது இலைகளின் சாய்வைக் குறைப்பதும் இதே வேலைதான். பழைய வண்டி வாங்குகிறவன், அது எந்த உயரத்துக்குப் பொருத்தி ஓடிய வண்டி என்று கேட்காமல் வாங்கக் கூடாது. தாழ்வான சமவெளியில் ஓடிய 850, எடைத்துண்டை மாற்றாமல் மலைக்கு வந்தால், நன்றாகப் பொருத்திய 600-இடம் தோற்றாலும் தோற்கும்.

இனி, விவரத்தாள் எதிலும் இல்லாத ஒன்று: சிக்கிக்கொள்வது. இந்த வண்டிகள் தினமும் சிக்குகின்றன. எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, தனுஷ்கோடிப் பக்கம் நீர் வற்றிய நேரத்தில் எங்கள் வள்ளம் மணல் தீடையில் ஏறிவிட்டது. அப்பா எஞ்சினை முறுக்கவில்லை. முறுக்கினால் மணலைத் தோண்டி இன்னும் புதைந்துவிடும் என்பார். நங்கூரம், வலை, மீன் கூடை எல்லாவற்றையும் இறக்கித் தண்ணீரில் நிற்கச் சொல்லி, வள்ளத்தை இடமும் வலமுமாக ஆட்டி, அடியில் நீர் புகவிட்டு, ஒரு சாண் ஒரு சாணாகப் பின்னுக்கு நகர்த்தினோம். பனியில் சிக்கியவனும் இதையேதான் செய்ய வேண்டும். ஆக்சிலேட்டரை அழுத்தினால் பட்டை குழி தோண்டி உள்ளே இறங்கும். இறங்கி, வண்டிக்கு முன்னால் பனியை மிதித்துக் கெட்டிப்படுத்தி, பக்கவாட்டில் சாய்த்துக் குழியில் பனியை நிரப்பி, பின்கம்பியைப் பிடித்துத் தூக்கி இடம் மாற்றி வைக்க வேண்டும். மூச்சு வாங்கும் உயரத்தில், இடுப்பளவுப் பனியில், குளிருடையோடு இதை நாளுக்கு நான்கைந்து முறை செய்கிறவனுக்குத்தான் இருபது கிலோவின் அருமை தெரியும். எஞ்சினின் விசை கூடினால் கட்டைவிரலை மெல்ல அழுத்தி அடக்கிக்கொள்ளலாம். எடைக்கு அப்படி ஒரு நெம்பு கிடையாது.

இதனால்தான், 600 எடுத்தால் எடை குறையும் என்ற அவன் வாதத்தை நான் ஏற்கவில்லை. எடை பெரிதாகக் குறையவில்லை, விசைதான் குறைகிறது. ஆழ்பனியில் வேகம் விழுந்தால் வண்டி புதைகிறது, விழாமல் பிடித்து நிறுத்துவதற்கு அந்த உபரி விசை வேண்டும். மறுபக்கம் ஒன்று எனக்கு உறுத்தாமல் இல்லை. பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில்தான் உடைகின்றன. 600 திணறி நின்றுவிடும் அந்தச் சரிவில், 850 புதியவனையும் சிரமமில்லாமல் ஏற்றிக் கொண்டுபோய் விட்டுவிடும். அக்காளுக்குத் தெரியாமல் அவனிடம் ஒரு நிபந்தனை போட்டேன். டர்போவுக்கு வைத்திருந்த பணத்தில், புதைந்தவரைத் தேடும் சமிக்ஞைக் கருவி, ஆய்வுக்கம்பு, மண்வெட்டி மூன்றையும் வாங்கி, பனிச்சரிவுப் பயிற்சி வகுப்பையும் முடித்த பிறகே வண்டியை மலைக்கு எடுக்க வேண்டும். மாற்றுப் பெல்ட் ஒன்று எப்போதும் வண்டியில் இருக்க வேண்டும் என்பது தனி. புதிய மாடல்கள் சிலவற்றில் பேட்டரிக்குப் பதிலாக மின்தேக்கி வைத்து எடையைக் குறைத்திருக்கிறார்கள். அவற்றில் காலையில் முதல் முறை கயிற்றை இழுத்துத்தான் கிளப்ப வேண்டும். அதற்கு அவன் பயப்படத் தேவையில்லை, பட்டறையில் தண்ணீர் டிரம்மில் நிற்கும் அவுட்போர்டைக் கயிறு இழுத்துக் கிளப்பிப் பழகியவன்தான்.

கடைசியாக ஒரு சோதனையும் சொன்னேன். விற்பவரின் முற்றத்தில், தொட்டி நிரம்பிய வண்டியின் பின்கம்பியைப் பிடித்துத் தனியாகத் தூக்கி, ஓரடி பக்கவாட்டில் வைத்துப் பார். முடிந்தால் விலை பேசு, முடியாவிட்டால் எஞ்சினைக் கிளப்பிக்கூடப் பார்க்காதே என்றேன். இரண்டு பருவம் ஓடிய, 154 அங்குலப் பட்டை கொண்ட, டர்போ இல்லாத 850 ஒன்றைத் தூக்க முடிந்ததாகவும், அதையே வாங்கிவிட்டதாகவும் செய்தி வந்தது.

முதல் நாளே சிக்கிக்கொண்டான். மூக்குவரை புதைந்து கிடக்கும் வண்டியை நான்கு பேர் கயிறு கட்டி இழுக்கும் படத்தை அனுப்பியிருந்தான். செல்பேசியை வாங்கிக் கண்ணருகே வைத்து உற்றுப் பார்த்த அக்காள் சொன்னாள்: "இங்க வள்ளம் இழுக்கக் கூப்பிட்டா வயித்துவலின்னு படுத்துக்குவான். அங்க போயி காசு குடுத்துல்ல இழுக்குறான்."